கவிழ்த்த கூடை

மீன் பெட்டி சுமந்த இடுப்பு வலியில் அவளால் நிமிர முடியவில்லை. குனிந்தபடியே மணலில் கவிழ்ந்திருக்கும் மூங்கில் கூடையைத் தூக்குகிறாள். ஆமை முட்டைக் குழியை நாய் தோண்டாமலிருக்க நேற்று மாலை அவளே கவிழ்த்தது. இரவில் பொரிந்து வரும் குஞ்சுகள் கடலுக்குப் போக, விடிந்ததும் வந்து தூக்கியிருக்க வேண்டும், அசந்து தூங்கிவிட்டாள். இப்போது வெயில் மணலை வறுக்கிறது. கூடைக்குள் கடல் பக்கத்து ஓரமாகக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் காய்ந்து கிடக்கின்றன. அவளைப் போலவே கூலியில்லாமல் காவல் பார்க்கும் லாரி டிரைவர் ஒரு வாளியை அவள் காலடியில் வைக்கிறார். "நல்லாத் தூங்கினியா தங்கச்சி?" "இடுப்புண்ணே. எந்திரிக்கவே முடியல." "அதுங்களுக்கும் இடுப்புதான் போல. ஒண்ணுகூட எந்திரிக்கல." அவள் பொறுக்கிப் போடப்போட, வாளியில் உலர்ந்த கொட்டைகள் விழுவது போன்ற சத்தம். ஒன்று மட்டும் உள்ளங்கையில் ஒருமுறை உதைத்துவிட்டு அடங்குகிறது. "உன் மகளுக்குக் காய்ச்சல்னு போன வாரம் உன் முறைய நான் பாத்தேன். அதுக்குப் பதிலாத்தான் இன்னைக்கு என் முறைக்கு நீ வர்றேன்னு சொன்னே." "நாளைக்கு வந்துடறேண்ணே." "நாளைக்கு உன்னோட முறை. என்னோடது?" அவள் வாளியைத் தூக்குகிறாள். நினைத்த அளவுக்குக் கனமே இல்லை. அவருக்கு அவள் தர வேண்டிய ஒரு விடியற்காலைக் காவல் அப்படியே பாக்கி நிற்கிறது.