குரல் பொருந்தவில்லை

வங்கியின் வாடிக்கையாளர் விவரங்கள் களவு போய்விட்டதால், எல்லோரும் குரலைப் புதிதாகப் பதிய வேண்டும் என்று செய்தி வந்திருந்தது. அந்த வங்கியில் குரல்தான் சாவி. வேலைவிட்டு வீட்டுக்கு வந்தவள், கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அழைத்தாள்.

"உங்க குரல் பொருந்தலையே மேடம்," என்றாள் வங்கிப் பெண். "காலையிலயே ஒருத்தங்க பதிஞ்சுட்டாங்க. அவங்க குரல் பழைய பதிவோட அப்படியே பொருந்துச்சு."

"காலையில நான் ஆபீஸ்ல இருந்தேம்மா! எவளோ என்னை மாதிரி பேசி ஏமாத்தியிருக்கா. அதைப் போடுங்க, கேட்போம்."

அவளுடைய குரலேதான். பின்னால் இந்தக் கூடத்து மின்விசிறி கிறீச்சிட்டது. "காபி ஆறுது, சீக்கிரம் குடி," என்றது அவள் கணவனின் குரல்.

அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள். விடுப்பில் வீட்டிலிருந்த கணவனிடம் திரும்பினாள்.

"காலையில யாருங்க இங்க வந்தது?"

"யாரு வந்தா? நீதானே பேசிக்கிட்டிருந்தே, நான் பக்கத்துலயே..." என்று சிரித்தவன், அவள் குரலை அப்போதுதான் கேட்டதுபோல நிறுத்தினான். அவளையே பார்த்தான். பிறகு மெல்ல எழுந்துபோய், குழந்தை தூங்கும் அறையின் வாசலை மறைத்து நின்றுகொண்டான்.