யானைக்குக் கேட்காமல்

தேசியப் பூங்காவுக்குள் ஒரு குழந்தை கத்தினாலும், ஓட்டுநர் இல்லாத சஃபாரி வேன் தானாகவே திரும்பிவிடும். அந்தக் குடும்பத்துக்கு அப்புறம் காட்டுக்குள் அனுமதியே கிடையாது. அதனால் ரெஜினா ஒரு மாதமாக, மகள் சாப்பிடும் நேரம் பார்த்து ஸ்பீக்கரில் யானைப் பிளிறலை அலறவிட்டாள். கத்தாமலிருந்தால் ஐஸ்க்ரீம். ஓயாமல் வாயடிக்கும் நான்கு வயது ஜெனிட்டா எப்படியோ பழகிவிட்டாள்.

காட்டுக்குப் போன அன்று வேனை உரசிக்கொண்டு கொம்பன் யானை வந்து நின்றது. பிள்ளை மூச்சுக்கூடக் காட்டவில்லை. ரெஜினாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியே வந்து இறங்கும்போதுதான், கவுன் பாக்கெட்டுக்குள் மகள் ஒளித்துவைத்திருந்த கையைப் பார்த்தாள். விரல் வீங்கி, நகம் கறுத்திருந்தது.

"ஐயோ, என்னடி இது?"

"ஏறும்போதே கதவுல நசுங்கிடுச்சு."

"ஏன்டி சொல்லல?"

ஜெனிட்டா காட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள்: "இப்ப அழலாமாம்மா?"