எல்லை தாண்டாத விதை

ஆடி பிறந்தால் புதுப்பெண் தாய்வீட்டுக்குப் போகும் வழக்கம் தென்காசிப் பக்கம் மாறவில்லை. ஆனால் பயிரை அழிக்கும் மூக்குத்திப்பூக் களையின் விதைகள் காற்றில் பறக்கும் அந்த மாதத்தில், துணியில் ஒரு விதை ஒட்டியிருந்தாலும் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. பிடிபட்டால் கிளம்பிய வீட்டுக்கே திரும்பி, நாற்பது நாள் உள்ளேதான்.

எல்லை வாசலில் வேல்மயிலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. களை முற்றுமுன் பூவை வெட்டியெடுப்பது அவன் வேலை. இன்று முற்றிய பூ ஒன்றை வெட்டி, மனைவி செண்பகத்தின் பையில் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தான். தெரிந்தால் ஜெயில். கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

சோதனைக் கருவி கத்தியது. வேலிக்கு அந்தப் பக்கம் காத்திருந்த அவள் அம்மா அழத் தொடங்கினாள்.

"சேலைய வெளிய காயப்போட்டது யாரும்மா?" என்றார் காவலர்.

செண்பகம் பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். பூ அகப்பட்டது. காம்பு வேல்மயிலின் களைக் கத்தரி வெட்டும் அதே சாய்வில் வெட்டப்பட்டிருந்தது. காவலர் பார்க்குமுன் அந்த வெட்டை நகத்தால் கிள்ளிப் போட்டுவிட்டுப் பூவை நீட்டினாள்.

"நான்தான் சார். கூறு இல்லாம மாடியில போட்டுட்டேன்."

"மாப்ளைக்கு யோகம்தான்" என்று காவலர் சிரித்தார்.

செண்பகம் பையை வேல்மயில் கையில் திணித்தாள்.

"நாப்பது நாளு கெடக்கு. வாங்க, வீட்டுல போய்ப் பேசிக்கிடுவோம்."