எட்டுப் புளியங்கொட்டை

முல்லைத்தீவு வெயிலில் தகரக் கூரை காய்கிறது. பகடை உருட்டிக் கதைக்குள் சண்டை பிடிக்கும் விளையாட்டுக்கு றிஸ்பாவும் நிரோஜனும் புதிது. ஆளுக்கு எட்டுப் புளியங்கொட்டைதான் உயிர். புதியவர்களுக்கு எதிரியாக எலிகள் போதும் என்கிறது விதிப்புத்தகம். கதை நடத்தும் அஸ்மினோ நூறு கொட்டை உயிருள்ள பூதத்தை இறக்கிவிட்டு, யானையை அடக்கியவன்போல நெஞ்சை நிமிர்த்துகிறான். பூதத்துக்கு இரண்டே அடி போதும். பதினாறு கொட்டையையும் வழித்தெடுக்கிறான். "பூதமெண்டா சும்மாவா?" என்று இளிக்கிறான். இந்த விளையாட்டுக்கென்று இரண்டு நாள் இருந்து வரைந்த தன் வீராங்கனையின் தாளை றிஸ்பா மடிக்கிறாள். பெரிய சூரன்தான் என்று உதட்டைச் சுழிக்கிறாள். "சரி, அடுத்த சண்டைக்குப் போவம்" என்கிறான் அஸ்மின். பகடையை அவன் பக்கம் தள்ளிவிட்டு எழும்புகிறாள். "போறதுக்கு ஆர் மிச்சம்? உங்கட பூதத்தோட நீங்களே அடிபடுங்கோ, அஸ்மின் நானா." நிரோஜனும் எழும்ப, அவன் கதிரை கிறீச்சிடுகிறது. கொட்டைக் குவியலோடு அஸ்மின் தனியே இருக்கிறான்.