டிக் விழாத கோப்பு

புதுக் கண்காணிப்பு மென்பொருளில் அலுவலகக் கணினியில் ஒவ்வொருவர் செய்வதையும் பதிவு செய்யும் லாக் கோப்புகளில் எவற்றைத் தேடலில் சேர்ப்பது என்று டிக் அடித்துக்கொண்டிருந்தேன். மேலாளர் பின்னால் வந்து நின்றார்.

"யார் எப்ப உள்ள நுழையறாங்க, எதைத் தொடறாங்கன்னு எனக்குத் தெரியணும். என் கோப்பை மட்டும் விட்டுடு."

"சேர்க்காத கோப்பு ஒரு வாரத்துல தானா அழிஞ்சிடும், சார்."

"அழியட்டும். என்னை வேவு பார்க்க நீ யாரு?"

"அப்ப மெயில்ல சொல்லிடுங்க, சார்."

அனுப்பினார்.

மூன்று மாதம் கழித்துப் பழைய ஒப்பந்தங்களைத் திறக்கப் போனால் ஒன்றுகூட இல்லை. பத்து நாளைக்கு முன்பே யாரோ அழித்திருந்தார்கள். இயக்குநர் எல்லாருடைய பதிவையும் தேடினார். ஒருவரும் தொடவில்லை. பதிவே இல்லாத ஆள் ஒருவர்தான். பதிவு வேண்டாம் என்ற மெயிலும் அவருடையது.

"சத்தியமா நான் இல்ல, சார்!" மேலாளர் என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேம்மா!"

"பதிவு இல்லாம நான் என்னத்தைச் சொல்ல, சார்?"

அன்று மாலையே அவர் வேலை போனது.

வீட்டில் அண்ணன் காத்திருந்தான். செய்யாத தப்புக்காகப் போன வருடம் அதே மேலாளர் வெளியே துரத்தியவன்.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

அண்ணன் சிரித்தான். "நான் போட்டுக்குடுத்த பாஸ்வேர்டை அவன் இன்னும் மாத்தவே இல்ல."