மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி

மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில், பட்டுப்புடவை கட்டிய பெண் பல் விளக்குகிற பேஸ்ட்டும் கையுமாகப் பழைய பைக் முன்னால் குந்தியிருந்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? அம்சத்துக்கு உயிரே போனது.

"ஏண்டி கயலு, மானத்த வாங்குற? எழுந்திரிடி!"

"இரும்மா. இண்டிகேட்டர் முடிஞ்சுது. ஹெட்லைட்டுதான் பாக்கி."

வலங்கைமானில் பழைய வண்டிகளை வாங்கிச் சரிசெய்து விற்பது ரெத்தினத்தின் தொழில். ரிப்பேர் வேலை அவருடையது, காகித வேலை மகள் கயல்விழியுடையது. இந்த வண்டியைப் போன வாரம்தான் திருவாரூர் புரோக்கர் ஒருவர் இவர்கள் கொட்டகையில் விட்டுப் போனார். வெயிலில் கிடந்து ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாக மங்கிப்போயிருந்தது.

காலையில் அதன் காகிதங்களைப் பிரித்து அடுக்கிய கயல்விழி, அதோடு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்துத் தேய்ப்பதும், பேஸ்ட் தடவி பனியன் துணியால் துடைப்பதுமாக ஒரே பிடிவாதம்.

அம்சத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை நெடுமாறனுக்குப் புது பைக் வேண்டும் என்று அவனுடைய அம்மா போன தடவையே சொல்லியிருந்தார். அதற்காக ரெத்தினம் இருக்கிற மூன்று மா நிலத்தை ஒத்திக்கு விடத் துணிந்துவிட்டார். நிலத்தைத் தொட்டால் கல்யாணமே வேண்டாம் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். இப்போது இந்தக் கிழட்டு வண்டியை அவர்கள் தலையில் கட்டப் பார்க்கிறாள்.

கார் வந்தது. காபி ஆயிற்று, பேச்சு ஆயிற்று, பின்கட்டில் இலையும் போட்டாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"வண்டிக்கு ஒரு வழி சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் நாங்க கை நனைப்போம். எம்புள்ள பாவம், பொறந்ததுலேருந்து சொந்தமா ஒரு வண்டி கண்டதில்ல. பஸ்லயே தொங்கிட்டுப் போறான்."

ரெத்தினம் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "அது வந்துங்க... நிலத்த..."

"நிலம் எதுக்குப்பா? வண்டிதான் ரெடியா இருக்கே."

அம்சம் தடுப்பதற்குள் கயல்விழி கொட்டகையிலிருந்து வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். ஸ்டார்ட் செய்தாள். பட்டப்பகலிலும் ஹெட்லைட் வெளிச்சம் பளீரென்று கூடத்துக்குள் விழுந்தது.

எட்டிப் பார்த்த நெடுமாறன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கே அவமானமாகிவிட்டது, இனி இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று அம்சத்துக்கு அழுகை முட்டியது.

"என்னம்மா, கேலியா?" மாப்பிள்ளையின் அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கத்தினார். "பழசத் தேச்சு வெச்சா புதுசாயிடுமா? நான் கேட்டது ஷோரூம் வண்டி. அதுவும் எம்புள்ள பேருல இருக்கணும்!"

கயல்விழி வண்டியை அணைத்தாள். பட்டுப்புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, பெட்ரோல் டேங்க் கவரிலிருந்து ஆர்.சி.யை எடுத்து நீட்டினாள்.

"பேரு மாத்துற வேலையே இல்ல அத்தை. இது இன்னும் உங்க புள்ள பேருலதான் இருக்கு."