ஆறாத கெண்டைக்கால்

காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகியபோது ரஞ்சிதாவுக்குக் கெண்டைக்கால் சதை பிசகிவிட்டது. வலி போன பிறகும் அம்மா மீனம்மாள் அவளைக் கட்டிலைவிட்டு இறங்கவே விடவில்லை.

"நல்லா நடக்குறேம்மா. ஓட்டத் தேர்வு நெருங்கிருச்சு, வெளிய விடு!"

"பேசாமப் படு." மீனம்மாள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் அப்பா வரச்சொன்ன விராலிமலைக்காரர்கள் அவளைப் பெண் பார்க்க வந்து நின்றார்கள்.

மீனம்மாள் முந்திக்கொண்டாள். "இவ இனி சரியா நடக்குறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாருங்க."

வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். அப்பா வழியனுப்பப் போனார்.

மீனம்மாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "முன்னாடியே சொன்னா ஒனக்கு நடிக்க வராது. என்னையும் இப்படித்தான் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டியாந்து கட்டிவச்சாங்க. எந்திரி, போயி ஓடு."